பழனி மலையும் மக்கள் நல்வாழ்வும்

காய்ச்சல் கண்ட குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்லும் தாய், அங்கே மருத்துவர் இருப்பார், மருந்து கிடைக்கும் என்று எதிர்பார்க்கிறாள். மருத்துவர் இல்லையென்றால் கோபம் கொள்கிறாள். 'பிறகு அரசாங்கம் எதற்கு?' என்று வாய்விட்டே கேட்கிறாள். அந்தக் கேள்வி நமக்கு மிக இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் மனித வரலாற்றில் அது அண்மையில் பிறந்த கேள்வி. நம் மன்னர்கள் மருத்துவத்தைப் போற்றாமல் இல்லை. காஞ்சிபுரத்திற்கு அருகே திருமுக்கூடல் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலையைப் பற்றிப் பேசுகிறது. எனினும் அது கோயிலைச் சார்ந்த அறக்கொடை. ஊரில் எவர் நோயுற்றாலும் அதற்கு அரசு பதில் சொல்ல வேண்டும் என்ற எண்ணம் அதில் இல்லை.

அந்த எண்ணம் நம் நாட்டில் எவ்வாறு வேர்விட்டது என்பதை அறிய இலண்டனுக்கோ கல்கத்தாவுக்கோ போக வேண்டியதில்லை. பழனி மலைத்தொடரையும் அதன் அடிவாரத்தையும் உற்று நோக்கினாலே போதும். ஏறக்குறைய இருநூற்றிருபது ஆண்டுக் கதை அங்கே எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கும்போது ஒரு கேள்வியை நாம் கைவிடாமல் வைத்திருக்க வேண்டும்: அரசு மக்கள் நலத்தைப் பேணியதா என்பதை விட, எந்த மக்களுடைய நலம் அதன் கண்ணில் பட்டது என்பதே அந்தக் கேள்வி.

1809ஆம் ஆண்டு. மதுரைச் சீமை ஆங்கிலக் கும்பினியின் கைக்கு வந்து எட்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. திண்டுக்கல் அதற்கு முன்னரே, 1792இல் திப்பு சுல்தானுடன் நிகழ்ந்த உடன்படிக்கையால் கும்பினி வசமாகியிருந்தது. அந்நிலையில் கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலி ஆகிய நான்கு நாடுகளையும் ஒரு கொடிய காய்ச்சல் பற்றிக்கொண்டது. குளிர், நடுக்கம், வியர்வை, ஒருநாள் விட்டு ஒருநாள் மீண்டும் குளிர். நம் மக்கள் முறைக்காய்ச்சல் என்று அழைத்த நோய்தான். 1810இலும் 1811இலும் அது தணியவில்லை. பயிர் செய்ய ஆளின்றி நிலங்கள் தரிசாயின, ஊர்கள் வெறிச்சோடின.

அப்போது சென்னை அரசு அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தது. காய்ச்சலின் காரணத்தைக் கண்டறிய மருத்துவர் வில்லியம் எய்ன்ஸ்லி தலைமையில் மூவர் குழு ஒன்றை அமைத்தது. அக்குழுவின் அறிக்கை 1816இல் இலண்டனில் நூலாக வெளிவந்தது. அதன் தலைப்பே நமக்குப் பாடம் சொல்லும்: மருத்துவம், புவியியல், வேளாண்மை மூன்றையும் பற்றிய அறிக்கை அது. காய்ச்சலைப் பற்றிய ஆய்வில் வேளாண்மைக்கு என்ன வேலை என்று கேட்கலாம். உழுபவன் இறந்தால் நிலவரி இறக்கும் என்பதே விடை. குடியானவனின் உடல் அரசின் கணக்கில் முதன்முதலாக ஏறியது, வரி செலுத்தும் உடலாகத்தான்.

அந்த மருத்துவர்களைக் குறைத்து மதிப்பிடுவதும் முறையாகாது. எய்ன்ஸ்லி நம் நாட்டு மருந்துச் சரக்குகளைத் தமிழ்ப் பெயர்களோடு தொகுத்து நூல் எழுதியவர். நாட்டு வைத்தியர்களின் அறிவை மதித்தவர். ஆனால் காய்ச்சலுக்குக் காரணம் சதுப்பு நிலத்திலிருந்தும் அடர்ந்த காட்டிலிருந்தும் கிளம்பும் கெட்ட காற்றே என்பது அக்காலத்து அறிவியல். கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897இல்தான். நோயின் காரணம் தெரியாத அந்த எண்பது ஆண்டுகளில், கெட்ட காற்றுக்கு எட்டாத உயரத்திற்கு ஓடிவிடுவதே மேலான மருந்தாகக் கருதப்பட்டது. ஓடக்கூடியவர்கள் ஓடினார்கள்.

ஓடிச் சேர்ந்த இடம் பழனி மலை. 1821இல் லெப்டினன்ட் வார்டு என்ற நில அளவையாளர், மலையின் தென்சரிவில் இருக்கும் வெள்ளகவி என்ற சிற்றூரைத் தளமாகக் கொண்டு மேலேறிக் கொடைக்கானல் பகுதியை அளந்தார். வெள்ளகவி என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்; மீண்டும் அங்கு வருவோம். 1834இல் ஆட்சிப் பணியாளர் இருவர் தேவதானப்பட்டி வழியாக ஏறிச் செண்பகனூரில் ஒரு சிறு பங்களாவைக் கட்டினர்.

அதே 1834இல் மதுரையில் அமெரிக்க மிஷன் தொடங்கப்பட்டது. வாந்திபேதியும் காய்ச்சலும் அந்த மறைப்பணியாளர்களையும் அவர்களுடைய மனைவி மக்களையும் ஒருவர் பின் ஒருவராகக் கொண்டுபோயின. முதலில் அவர்கள் திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள சிறுமலையில் தங்கிப் பார்த்தனர். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பிறகு 1845இல் கொடைக்கானலில் இரண்டு வீடுகளைக் கட்டிக் குடியேறினர். நம் இயேசு சபைக் குருக்களின் கதையும் இதுவேதான். 1838இல் மதுரை மறைப்பணிக்குத் திரும்பி வந்த பிரெஞ்சுக் குருக்களில் பலர், இளமையிலேயே, ஒருசில ஆண்டுகளுக்குள்ளேயே நோய்க்கு இரையாயினர். கொடைக்கானலில் 1866இல் எழுந்த சலேத் மாதா ஆலயமும், செண்பகனூரில் 1895இல் தொடங்கப்பட்ட திருஇருதயக் கல்லூரியும் அந்த இழப்புகளின் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டியவை. ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் மலேரியாக் கொசு வாழ்வது அரிது. காரணம் தவறாயினும் மருந்து பலித்தது.

இங்கேதான் நாம் சற்று நின்று, அந்த மருந்து எப்படி மலைக்கு ஏறியது என்று பார்க்க வேண்டும். மோட்டார் சாலை வருவதற்கு முன், பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் ஏறக்குறைய 12 மைல் ஏற வேண்டும். ஆங்கிலேயர் அதற்கு இட்ட பெயர் 'கூலி காட்'. கூலிகளின் மலைவழி என்று பொருள். 1875இல் மதுரைக்கு இரயில் வந்தபின் பயணியர் அம்மையநாயக்கனூரில் இறங்கினர். இன்றைய கொடைக்கானல் ரோடு நிலையம் அதுதான். அங்கிருந்து மாட்டு வண்டியில் தோப்பு வரை, தோப்பிலிருந்து டோலி. உடல் தேறவேண்டிய துரையும் அவருடைய துணைவியாரும் குழந்தைகளும் டோலியில் அமர, பளிங்குப் பாத்திரங்களும் பியானோக்களும்கூட மனிதத் தோள்களில் ஏறின. அடிவாரத்தில் இரவு தங்குவது ஆபத்து என்பது அன்றைய பொதுநம்பிக்கை. அந்த அடிவாரத்திலேயே குடியிருந்து, அந்தக் காய்ச்சலை உடம்பில் சுமந்துகொண்டே டோலியையும் சுமந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுள் எத்தனை பேர் அந்தப் பாதையில் விழுந்தனர்? கல்லறைத் தோட்டங்களில் வெள்ளையரின் பெயர்கள் வயதோடும் நாளோடும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தூக்கியவர்களுக்குக் கல் இல்லை.

மதுரை ஆட்சியராக இருந்த வியர் லெவிஞ்ச் 1863இல் கொடைக்கானல் ஏரியை உருவாக்கினார். 1899இல் கொடைக்கானல் நகராட்சியாயிற்று. 1901 மக்கள்தொகைக் கணக்கில் அந்நகரின் மக்கள் 1,912 பேர் மட்டுமே. கோடைக்கு முன்னர் எடுத்த கணக்கு ஆகையால் பருவகால விருந்தினர் அதில் சேரவில்லை. இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊருக்கு நகராட்சித் தகுதி, தெருத் துப்புரவு, சுகாதார விதிகள் எல்லாம் வாய்த்தன. அதைப் போல் பன்மடங்கு மக்கள் வாழ்ந்த சமவெளிப் பேரூர்களுக்கு அவை கனவாகவே இருந்தன. காரணம் வெளிப்படை. சுகாதாரம் ஊரின் அளவைப் பார்க்கவில்லை, ஊருக்கு வருபவரைப் பார்த்தது.

சமவெளியில் அரசு முற்றிலும் உறங்கியது என்று சொல்லிவிட முடியாது. சிப்பாய்க் கலகத்திற்குப் பின் இந்தியாவிலுள்ள பிரித்தானியப் படையின் சாவுக் கணக்கை ஆராய ஓர் அரச ஆணையம் அமர்ந்தது. குண்டடி பட்டு இறந்த வீரரைவிட நோயில் இறந்தவரே மிகப் பலர் என்று அது கண்டது. அதன் விளைவாகச் சென்னையில் 1864இல் சுகாதார ஆணையம் ஏற்பட்டது. படைவீரனைக் காக்கப் பிறந்த அத்துறையில்தான், தாது வருடப் பஞ்சத்தின்போது, மனச்சான்றுள்ள ஒரு குரல் எழுந்தது. 1877இல் பஞ்ச மேற்பார்வைக்கு வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்திற்கான கூலியே போதும் என்று விதித்தார். சென்னையின் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ் அதை வெளிப்படையாக எதிர்த்தார். உழைக்கும் உடல் அந்த அளவில் தேய்ந்து மடியும் என்று மருத்துவக் கணக்கோடு வாதிட்டார். சில மாதங்களில் சென்னை அரசு அளவை உயர்த்தியது. அதற்குள் மடிந்தவர் மடிந்தனர். அப்பஞ்சத்தில் நம் மாகாணம் பல இலட்சம் உயிர்களை இழந்தது. ஆனாலும், அரசுப் பதவியில் இருந்துகொண்டே அரசின் கஞ்சித்தனத்தைக் கண்டித்த அந்த மருத்துவரை நாம் மறந்துவிட்டோம் என்பது வருத்தத்திற்குரியது.

மலையின் வடக்குச் சரிவில் வேறொரு கதை நடந்தது. தைப்பூசத்திற்கும் பங்குனி உத்திரத்திற்கும் பழனி முருகனை நாடி, காவடி சுமந்து, நூறு கல் தொலைவிலிருந்தும் மக்கள் நடந்து வந்தனர், இன்றும் வருகின்றனர். வேளாங்கண்ணிக்கு நடக்கும் நம் மக்களுக்கு அந்தப் பயணத்தின் உணர்வைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. சத்திரத்துக் கிணறு, ஆற்றங்கரை ஊற்று, தெப்பக்குளம் என்று கிடைத்த நீரைக் குடித்தனர். வாந்திபேதி அவர்களோடு நடந்தது. திருவிழா முடிந்து அவர்களோடு வீடு திரும்பியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், இந்தியப் பயணியரே உலகுக்கு வாந்திபேதியைப் பரப்புகின்றனர் என்று ஐரோப்பிய நாடுகள் குற்றம் சாட்டின. 1866இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாட்டில் அக்குற்றச்சாட்டு ஓங்கி ஒலித்தது. கப்பல் வணிகம் தடைபடுமே என்ற அச்சம் ஒருபுறம், கோயில் விவகாரத்தில் கைவைத்தால் கலகம் மூளுமே என்ற அச்சம் மறுபுறம். இரண்டிற்கும் நடுவே அரசு நெடுங்காலம் தடுமாறியது. 1884இல் இராபர்ட் கோக் கல்கத்தாவில் கிருமியை உறுதிசெய்த பிறகும், நோய் நீரால் பரவுகிறது என்பதை ஏற்க அரசின் மூத்த மருத்துவ அலுவலர் சிலர் மறுத்துவந்தனர். ஏற்றுக்கொண்டால் ஊர்தோறும் நல்ல தண்ணீர் கொடுக்க வேண்டியிருக்குமே!

திருப்பம் நேர்ந்தது 1919ஆம் ஆண்டுச் சட்டத்தால். பொதுச் சுகாதாரம் மாகாண அமைச்சர்களின் பொறுப்பாக மாறியது. வாக்குக் கேட்டு மக்களிடம் போக வேண்டிய ஒருவர் முதன்முறையாகச் சுகாதாரத்திற்குப் பதில் சொல்லும் நிலை வந்தது. 1920களில் சென்னை மாகாணம் மாவட்டந்தோறும் சுகாதார அலுவலரை அமர்த்தியது. மருத்துவத் துறையிலிருந்து வேறாகப் பொதுச் சுகாதாரத்திற்கென ஒரு தனித் துறையை வளர்த்தது. நோயாளியைக் குணப்படுத்துவது ஒரு வேலை, நோயே வராமல் கிணற்றைக் காப்பது வேறொரு வேலை என்ற தெளிவு அது. தமிழ்நாட்டில் அப்பிரிவு இன்றும் தொடர்கிறது. பல மாநிலங்களில் இல்லை.

அத்துறையின் முடியாக அமைந்தது 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். இந்தியாவிலேயே இவ்வகையில் முதலாவது. இராஜாஜியின் அமைச்சரவையில் சுகாதாரத்தைக் கவனித்தவர் மருத்துவர் தி. சே. சௌ. ராஜன். அவரிடமே இந்து அறநிலையங்களும் இருந்தன. சுகாதாரமும் கோயிலும் ஒரே மேசையில் வந்து சேர்ந்த அந்தப் பொருத்தத்தை எண்ணி நாம் புன்னகைக்கலாம். ஏனெனில் அச்சட்டத்தில் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் என்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. விழாவுக்கு முன்பே குடிநீர், கழிப்பிடம், தொற்றுநோயாளியைப் பிரித்து வைக்கும் இடம் ஆகியவற்றை ஏற்பாடு செய்யும் கடமையை அது உள்ளாட்சியின் மேல் வைத்தது. பயணியை நோய் பரப்பும் குற்றவாளியாகப் பார்த்த அரசு, அவருக்குத் தண்ணீர் கொடுக்கக் கடமைப்பட்ட அரசாக மாறியதை அந்த அத்தியாயத்தில் காண்கிறோம். கிணறுகளில் குளோரின் இடுவதும், விழாவுக்கு வருவோருக்கு ஊசி போடுவதும் பழக்கமாயின. கட்டாயம் இருந்தது, முணுமுணுப்பும் இருந்தது. அம்மை குத்துபவர் ஊருக்குள் வந்தால் தாய்மார் பிள்ளைகளைக் குதிருக்குப் பின்னால் ஒளித்த காலம் நம் பாட்டிமார் நினைவில் இருந்த ஒன்று. ஆயினும் பெரியம்மை இன்று உலகில் இல்லை. முரட்டுக் கையால் செய்யப்பட்ட நன்மையும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

மலைக்குத் தெற்கே கம்பம் பள்ளத்தாக்கில் பிளேக் நோய் வேர்கொண்டிருந்ததையும், 1930களில் அங்கே எலிகளையும் எலித் தெள்ளுப் பூச்சிகளையும் ஆராய்ந்து நோயின் போக்கைக் கண்டறிந்ததையும் இங்கே குறிப்போடு நிறுத்திக்கொள்கிறோம். அது தனிக் கட்டுரைக்கு உரிய செய்தி.

விடுதலைக்குச் சற்று முன், 1946இல் போர் குழுவின் அறிக்கை வெளிவந்தது. பணம் கொடுக்க இயலாதவர் என்பதற்காக எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்பது அதன் அடிப்படைக் கொள்கை. 1952 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றின. பழனி மலையின் கிழக்கு அடிவாரத்திற்கு இவ்விடத்தில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1947இல் மருத்துவர் சௌந்திரம் அம்மையாரும் அவருடைய கணவர் கோ. இராமச்சந்திரனும் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினர். சிறு மருந்தகமாகத் தொடங்கிய பணி கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. 1959 அளவில் ஆத்தூர் வட்டாரத்தில் ஊரக நலவாழ்வு முயற்சி தொடங்கியது. ஒரு சுகாதாரப் பணியாளர் எத்தனை வீடுகளைக் கவனிக்க முடியும், மருத்துவச்சியை எப்படிப் பயிற்றுவது, ஊர்ப் பெரியவர்களை எப்படி உடன் சேர்ப்பது என்பவற்றை அங்கே செய்து பார்த்தனர். 1964இல் அது ஊரக நலவாழ்வு, குடும்ப நலப் பயிற்சி நிறுவனமாக உருப்பெற்றது. குடும்பக் கட்டுப்பாட்டு முறைகளைப் பற்றித் திருச்சபையின் நிலைப்பாட்டை வாசகர்கள் அறிவர். அதை இங்கே விவாதிக்க நாம் முற்படவில்லை. பணியாளர் வீடுதேடிப் போக வேண்டும் என்று அங்கே கற்றுக்கொண்டதே நாம் கவனிக்க வேண்டியது. 1955இல் ஒட்டன்சத்திரத்தில் மருத்துவர் தரியனும் தோழர்களும் தொடங்கிய கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையும் அதே அடிவாரத்து ஏழைகளுக்காக எழுந்ததே. அரசும் தொண்டரும் ஒருவரையொருவர் பார்த்துக் கற்றுக்கொண்ட காலம் அது.

இவ்வளவு தூரம் வந்தபின், கதை நேர்க்கோட்டில் மேலேறி முடிந்தது என்று எழுதிவிட ஆசையாக இருக்கிறது. கொடைக்கானல் அதற்கு இடம் தரவில்லை.

1983இல் கொடைக்கானல் புனித மரியன்னை சாலையில் ஒரு வெப்பமானி ஆலை வந்தது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் நகரில் ஓடிய ஆலையின் இயந்திரங்கள் கழற்றப்பட்டுக் கொடைக்கானலில் பூட்டப்பட்டன. பாண்ட்ஸ் நிறுவனத்திடமிருந்து 1987இல் அது இந்துஸ்தான் லீவரின் கைக்கு மாறியது. காய்ச்சலுக்கு அஞ்சி மனிதர் ஏறிய மலையில், காய்ச்சலை அளக்கும் கருவி செய்யப்பட்டு, பெரும்பாலும் மேல்நாடுகளுக்கு ஏற்றுமதியாயிற்று. வேலையற்ற மலைநகரத்து இளைஞருக்கு அது வரமாகத் தோன்றியதில் வியப்பில்லை. கண்ணாடிக் குழலில் நிரப்புவது பாதரசம். சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும் உலோகம் அது, மணமில்லை, நிறமில்லை. மூச்சோடு உட்சென்று நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

அரசுக்கு இது தெரியாத செய்தியா? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைப் புரட்டிப் பார்க்கலாம். தொழிலால் வரும் நோய்களுள், கண்டவுடன் அரசுக்கு அறிவிக்க வேண்டியவை அங்கே பட்டியலிடப்பட்டுள்ளன. பாதரச நஞ்சு அவற்றுள் ஒன்று. ஆலை தொடங்கிய அடுத்த ஆண்டே போபால் பேரிடர் நிகழ்ந்தது. 1987இல் சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது. ஆக, ஏட்டில் எல்லாம் இருந்தது. ஆயினும் உண்மையை வெளிக்கொணர்ந்தது ஆய்வாளரின் கோப்பு அன்று. 2001 மார்ச்சு மாதத்தில், மூஞ்சிக்கல் பகுதியிலுள்ள ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடிகள் பல டன் குவிந்து கிடந்ததைப் பழனி மலைப் பாதுகாப்புக் குழுவினரும் கிரீன்பீஸ் அமைப்பினரும் உலகுக்குக் காட்டினர். ஊர்மக்கள் திரண்டனர். அம்மாதமே ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறக்குறைய 290 டன் கழிவு கப்பலேற்றப்பட்டு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்கு நச்சுக் கழிவு திரும்பிப் போனது அபூர்வமான நிகழ்ச்சி.

கழிவு போய்விட்டது, உடல்கள் இருந்தன. முன்னாள் தொழிலாளர் 2006இல் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினர். நடுக்கம், சிறுநீரகக் கோளாறு, இளவயதுச் சாவு, கருச்சிதைவு என்று தம் வீடுகளில் நிகழ்ந்தவற்றை எடுத்துரைத்தனர். நிறுவனமோ தன் ஆலையால் எவருடைய உடல்நலமும் கெடவில்லை என்று தொடர்ந்து மறுத்தது. நீதிமன்றம் அமர்த்திய வல்லுநர் குழு, நோய்களுக்கும் பாதரசத்திற்கும் தொடர்பு உண்டென்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. 2011இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் குழு, தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் பாதிக்கப்பட்டனர் என்றது. ஒரே உடல்களை இரண்டு குழுக்கள் இரண்டு விதமாகப் படித்தன. வேலைக்காலத்திலேயே ஒவ்வொரு தொழிலாளியின் உடலையும் முறையாகச் சோதித்து, அச்சோதனையைத் தொழிலாளி கையிலும் கொடுத்து வைத்திருந்தால் இந்த வழக்குக்கே இடமிராது என்பது நம் கருத்து. பதிவேடு ஒரு பக்கத்திடமும் நோய் மறுபக்கத்திடமும் இருக்கும்போது, மெய்ப்பிக்கும் சுமை நோயாளியின் தலையில் விழுகிறது.

2015இல் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் என்ற இளம் பாடகியின் பாடல் கொடைக்கானலின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது, தொகை வெளியிடப்படவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. சிலருக்கு அத்தொகை கல்லறைக்குப் பின் வந்தது. ஆலை வளாகத்து மண்ணைத் தூய்மை செய்யும் பணியிலும் அளவைப் பற்றிய சண்டை எழுந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற வரம்பை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றது. பாம்பார் சோலையின் விளிம்பில் இருக்கும் இடத்திற்கு அது போதாது, மேல்நாடுகளில் கேட்கும் அளவை இங்கும் கேளுங்கள் என்று சூழலியலாளர் வாதிட்டனர். பாம்பார் கீழிறங்கிக் கும்பக்கரை அருவியாகிப் பெரியகுளத்துச் சமவெளிக்குப் போகிறது. மலை உச்சியில் அரசு ஏற்கும் ஓர் எண், அடிவாரத்தில் குடத்தோடு நிற்பவருக்குரிய எண்ணும் ஆகும்.

அரசின் கை இன்று முன்னெப்போதையும் விட நீளமானது என்பதை மறுக்க முடியாது. கொடைக்கானலில் அரசு மருத்துவமனை இருக்கிறது. மலைக்கிராமங்களுக்குக் கிராம சுகாதாரச் செவிலியர் நடந்தே போய் வருகின்றனர். அவர்களுடைய காலின் வலிமையில்தான் நம் மாநிலத்தின் தாய்சேய் நலப் பெருமை நிற்கிறது என்றால் மிகையன்று. 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருந்தகங்களுக்கு மருந்து சேரும் முறையைச் சீர்செய்தது. 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் தொடங்கியது; சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுசெல்வது அதன் நோக்கம். ஆத்தூர் வட்டாரத்தில் அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்து பார்த்ததன் பேரப்பிள்ளை என்று அதைச் சொல்லலாம்.

அதே 2021, லெப்டினன்ட் வார்டு வெள்ளகவியிலிருந்து மலையேறியதன் இருநூறாம் ஆண்டு. அரசின் முதல் அளவுச் சங்கிலி புறப்பட்ட அவ்வூருக்கு அப்போதும் மோட்டார் சாலை இல்லை. வட்டக்கானலிலிருந்து காட்டு வழியே இறங்கித்தான் அங்கே போக வேண்டும். அந்த ஊராட்சியைச் சேர்ந்த சின்னூர், பெரியூர் மக்களுக்குக் கொடைக்கானலை விடப் பெரியகுளமே அருகில். அதற்கும் பாதை காட்டாற்றின் குறுக்கே. பேறுகால வலி கண்ட பெண்ணையும், பாம்பு தீண்டியவரையும், நெஞ்சுவலி வந்த முதியவரையும் மூங்கிலில் துணிகட்டி, டோலி என்றே அதற்குப் பெயர் சொல்லி, இளைஞர்கள் தோள்மாற்றித் தோள்மாற்றிச் சுமந்து வருகின்றனர். மழைக்காலத்தில் கல்லாறு பெருகினால் வெள்ளம் வடியும்வரை அக்கரையிலேயே டோலியை இறக்கி வைத்துக் காத்திருக்கின்றனர்.